பில்லைப் படித்துப் பார்ப்பது கஞ்சத்தனமா?

மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி கால் மணி நேரம் நிற்கிறவர் அவர். ஆட்டோவில் பத்து ரூபாய் கூடக் கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சண்டை போடுகிறவர். மளிகைக்கடை ரசீதை வீட்டுக்குக் கொண்டு வந்து மறுபடியும் ஒருமுறை கூட்டிப் பார்க்கிறவர். இந்த மனிதர் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு டூர் போகிறார். தங்கியிருக்கும் பெரிய ஹோட்டலின் பெரிய ரெஸ்டாரண்டில் ஒரு ராத்திரி சாப்பிடுகிறார். கறுப்புத் தோல் அட்டைக்குள் பில் வருகிறது. அட்டையை அரை அங்குலம் திறக்கிறார். கடைசி வரியை மட்டும் பார்க்கிறார். கார்டை உள்ளே வைத்து மூடிவிடுகிறார்.

"என்னங்க, பில்லை சரியா பாத்தீங்களா?"

"ஷ்ஷ்... சும்மா இரு. எல்லாரும் பாக்கறாங்க."

இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டியவர் எழுநூறு ரூபாயை எட்டிக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டு வருகிறார். (எழுநூறு எப்படி வந்தது என்ற கணக்கு கீழே வருகிறது.) இதற்குப் பெயர் பெருந்தன்மை இல்லை. சுத்தமான கூச்சம். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் பெரிய உணவகங்களின் பில்லில் ஒன்றிரண்டு வரிகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

பெரிய உணவகத்துக்கே போகக்கூடாது என்று சொல்வதல்ல இங்கே வாதம். தாராளமாகப் போகலாம். நல்ல சமையல்காரருக்கு நல்ல விலை கொடுப்பதில் தப்பே கிடையாது. மெனுவில் 850 என்று போட்டிருந்து, அதைப் பார்த்து ஆர்டர் செய்தால் 850 கொடுக்க வேண்டியதுதான். அதற்கு மேல் கேட்காமலே சேர்க்கப்படுவதும், அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று ஒரு சூழ்நிலை இருப்பதும்தான் பிரச்சினை.

சரி, அந்தச் சூழ்நிலை எப்படி உருவாகிறது?

உள்ளே நுழைந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார வைக்கிறார்கள். மடியில் துணி விரிக்கிறார்கள். தட்டுக்கு இடது பக்கம் இரண்டு மூன்று முள்கரண்டி, வலது பக்கம் கத்தியும் ஸ்பூனும். எதை முதலில் எடுப்பது? பக்கத்து மேஜைக்காரர் எதை எடுக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்க்கும் நிமிஷத்திலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. இங்கே தான் ஒரு வெளியாள், தப்பு செய்துவிடக் கூடாது என்ற பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தோடு உட்கார்ந்திருப்பவர் பில்லில் என்ன கேள்வி கேட்கப் போகிறார்?

இந்தக் கரண்டி வரிசைக்குப் பின்னால் ஏதோ ஆயிரம் வருஷ நாகரிகம் இருப்பதாக நினைத்து மிரள வேண்டியதில்லை. பழைய பிரெஞ்சு விருந்துகளில் ஒரு சுற்றுக்கான பதார்த்தங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேஜையில் பரப்பிவிடுவார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட இலைச் சாப்பாடு மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஒவ்வொரு தட்டாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டு வந்து வைக்கும் முறை அங்கே பரவியது. அதற்குப் பெயரே 'ரஷ்ய முறை'. பாரிஸ்காரர்களே வெளியூர்க்காரர்களிடம் இரவல் வாங்கிய பழக்கம் அது. அதில் ஒருவர் ஸ்பூனை மாற்றி எடுத்துவிட்டால் குடிமுழுகிப் போகாது :-)

அடுத்தது மெனு அட்டை. பல இடங்களில் விலைக்கு முன்னால் ரூபாய் குறியே இருக்காது. வெறும் 850. வெறும் 1200. அழகுக்காக மட்டும் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நிஜமான ஒரு உணவகத்தில் ஒரு பிரிவினருக்கு டாலர் குறியோடு மெனு, இன்னொரு பிரிவினருக்கு டாலர் என்று எழுத்தில் எழுதிய மெனு, மூன்றாவது பிரிவினருக்கு வெறும் எண் மட்டும். வெறும் எண்ணைப் பார்த்தவர்கள்தான் அதிகம் செலவழித்தார்கள். பணம் என்ற ஞாபகம் வராமல் பார்த்துக்கொண்டால் பணம் தானாக வரும் என்பது இதன் சாரம்.

இதன் உச்சக்கட்டம் பெரு நாட்டில் நடந்தது. தலைநகர் லிமாவில் கடலோரத்தில் இருக்கும் பிரபலமான ஒரு உணவகத்தில், ஜோடியாக வந்தால் ஆணுக்கு விலை போட்ட மெனு, பெண்ணுக்கு விலையே இல்லாத மெனு. 2019ல் அந்த நாட்டின் நுகர்வோர் அமைப்பு இதைப் பாகுபாடு என்று சொல்லி அபராதம் போட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது ஒரு காலத்தில் பெரிய 'நாகரிகமாக' இருந்த வழக்கம்தான். விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நாகரிகம் என்று யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். யாருக்கு லாபம் என்று பார்த்தால் சொல்லிக்கொடுத்தது யார் என்பது புரியும்.

சரி, உள்ளூரில் இருக்கும் பெரிய ஹோட்டலிலும் இதே கரண்டி, இதே மெனுதானே, விடுமுறையை மட்டும் ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? காரணம் இருக்கிறது.

ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் ஒரு மெஸ்ஸை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் சாம்பார் தண்ணியாக இருந்தால் மறுநாள் பத்து பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் மெஸ்காரர் சாம்பாரில் கவனமாக இருப்பார். அவரை ஒழுங்காக வைத்திருப்பது சட்டம் இல்லை, அந்தப் பத்து பேர் நாளைக்கும் வருவார்கள் என்ற கணக்கு. வணிகத்தில் பாதி நேர்மை இப்படி, திரும்பி வரும் வாடிக்கையாளரால்தான் காப்பாற்றப்படுகிறது.

டூர் வந்தவர் திரும்பி வரமாட்டார். அவருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். ஊட்டிக்கோ கோவாவுக்கோ வந்தவர் மூன்றாவது நாள் ரயில் ஏறிவிடுவார். அவர் கோபப்பட்டாலும் நஷ்டம் இல்லை. போதாக்குறைக்கு, பல ரிசார்ட்டுகள் ஊரைவிட்டு ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்குக் குழந்தைகளோடு வெளியே போய் வேறு கடை தேட முடியாது. கையில் இருக்கிற ஒரே சாய்ஸ் அந்த ஒரு உணவகம். சினிமா தியேட்டர் பாப்கார்ன் மாதிரிதான். என்ன, தியேட்டரில் மூன்று மணி நேரம் பசியைத் தாங்கலாம், மலைமேல் மூன்று நாள் தாங்க முடியாது.

இது இந்தியாவின் தனிச் சொத்து ஒன்றும் இல்லை. 2018ல் இத்தாலியின் வெனிஸ் நகரில், செயின்ட் மார்க் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு உணவகத்தில் நான்கு ஜப்பானிய மாணவர்கள் இறைச்சியும் பொரித்த மீனும் சாப்பிட்டார்கள். பில் 1,100 யூரோவுக்கு மேல்! அவர்கள் புகார் செய்ததும் விஷயம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வெனிஸ் மேயரே விசாரிக்கச் சொல்லி, கடைசியில் அந்த உணவகத்துக்கு அபராதம் விழுந்தது. அந்த மாணவர்களும் 'சரி போகட்டும், யார் அலைவது' என்று விட்டிருந்தால் அடுத்த வாரம் வேறு நாலு பேர் அதே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அதோடு விடுமுறை மனநிலை வேறு. 'வந்ததே வருஷத்துக்கு ஒருதடவை, இங்கே வந்து கணக்குப் பார்க்கணுமா?' என்பது டூரில் எல்லோரும் சொல்லும் வசனம். வருஷம் பூராவும் கணக்குப் பார்த்துச் சேர்த்த பணம் என்பதால்தான் அங்கே இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்பது ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை.

இப்போது அந்தத் தோல் அட்டையை முழுசாகத் திறந்துவிடலாம். வரி வரியாகப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

முதல் வரி: தண்ணீர்.

"சார், மினரல் வாட்டரா, ஸ்பார்க்ளிங்கா?" என்றுதான் கேள்வியே வரும். சாதாரணத் தண்ணீர் என்ற மூன்றாவது பதில் அந்தக் கேள்வியில் கிடையாது. வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த ஊரிலிருந்து வந்தவர், 'சாதா தண்ணி குடுங்க' என்று சொல்ல வெட்கப்பட்டு 'மினரல்' என்கிறார். அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச விலையைப் போல் பல மடங்குக்கு அந்த பாட்டில் பில்லில் ஏறுகிறது.

இது சட்டவிரோதமா? இல்லை. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கை முடித்துவைத்தது. ஹோட்டல்களும் உணவகங்களும் பாட்டில் தண்ணீரை அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கலாம் என்பது தீர்ப்பு. அங்கே போகிறவர் வெறும் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்புவதற்காகப் போகவில்லை, அந்த இடம், அந்தச் சூழல், அந்தப் பரிமாறல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அனுபவிக்கிறார் என்பது ஹோட்டல்காரர்கள் பக்கத்து வாதத்தின் அடிப்படை.

நல்லது, ஒத்துக்கொள்ளலாம். இந்த வாதத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சேவைக்கான காசு பொருளின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று ஹோட்டல்காரர்களே நீதிமன்றத்தில் சொல்லி ஜெயித்துவிட்டார்கள்.

இரண்டாவது வரி: சர்வீஸ் சார்ஜ், 10 சதவீதம்.

இப்போது என்ன சேவைக்கு இது? சூழலுக்கும் பரிமாறலுக்கும் சேர்த்துத்தானே தண்ணீருக்கு அவ்வளவு விலை, தோசைக்கு அவ்வளவு விலை? அதே சேவைக்கு மறுபடியும் ஒரு தனி வரியா?

இந்த வரியின் ஜாதகம் சுவாரசியமானது. 2017 ஏப்ரலில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, சர்வீஸ் சார்ஜ் என்பது வாடிக்கையாளர் விரும்பினால் மட்டும் கொடுப்பது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. மெனுவில் இருக்கும் விலையும் அதற்குரிய வரியும் மட்டுமே கட்டாயம். பெரும்பாலானவர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 2022 ஜூலை 4ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இன்னும் கறாரான விதிகளைக் கொண்டு வந்தது. தானாக பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. கட்டாயப்படுத்தக் கூடாது. கட்டமாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் இருக்கக் கூடாது. உணவு விலையோடு சேர்த்து மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. போடக் கூடாது.

உடனே உணவக உரிமையாளர் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அதே மாதமே அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. கிட்டத்தட்ட மூன்று வருஷம் வழக்கு நடந்தது. 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, ஆணையத்தின் விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் செலவுத் தொகை வேறு. சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயின. விட மனசு வரவில்லை. மெனு விலையை 10 சதவீதம் ஏற்றிக்கொள்ளலாமே, யாரும் தடுக்கவில்லையே? பிறகு ஏன் இந்த ஒற்றை வரிக்காக இவ்வளவு போராட்டம்?

விடை எளிது. மெனுவில் 880 என்று போட்டால் வாடிக்கையாளர் ஆர்டர் செய்வதற்கு முன்னால் பார்ப்பார், யோசிப்பார், ஒருவேளை வேறு எதையாவது வாங்குவார். மெனுவில் 800 என்று போட்டுவிட்டு பில்லில் 80 சேர்த்தால், சாப்பிட்டு முடித்த பிறகுதான் பார்ப்பார். ஜீரணமாகிக்கொண்டிருக்கும் சாப்பாட்டைத் திருப்பியா கொடுக்க முடியும்? விலையை மறைத்து வைப்பதற்கு ஒரு அடுக்களை மூலை தேவைப்படுகிறது. அந்த மூலைக்குப் பெயர்தான் சர்வீஸ் சார்ஜ்.

பெயரிலேயே ஒரு குழப்பம் வேறு. ஒரு காலத்தில் சர்வீஸ் டாக்ஸ் என்று நிஜமாகவே ஒரு மத்திய வரி இருந்தது. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு உணவக பில்லிலிருந்து அது போய்விட்டது. ஆனால் சர்வீஸ் சார்ஜ் என்று பார்த்தவுடனே 'கவர்மென்ட் டாக்ஸ்' என்று நினைத்துக் கட்டிவிட்டு வருகிறவர்கள் இன்றைக்கும் ஏராளம். அந்தப் பணத்தில் ஒரு பைசாகூட அரசாங்கத்துக்கான வரி இல்லை.

மூன்றாவது, நான்காவது வரி: சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி.

இது நிஜமான வரி. கட்டித்தான் ஆக வேண்டும். தனியாக இருக்கும் சாதாரண உணவகம் என்றால் மொத்தம் 5 சதவீதம். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் பொதுவாக 18 சதவீதம். அதாவது மாடியில் இருக்கும் அறையின் வாடகையால் கீழே சாப்பிடும் இட்லியின் வரி ஏறுகிறது. டூர் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அதே ஊரில், அதே ரோட்டில், ஹோட்டலுக்கு வெளியே இருக்கும் நல்ல உணவகத்தில் 5 சதவீதம்தான்.

இப்போது உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நான்கு பேர் கொண்ட குடும்பம். சாப்பாடு 5,600 ரூபாய். தண்ணீர் பாட்டில் இரண்டு, தலா 200 வீதம் 400. ஆக 6,000. இதற்கு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 600. இப்போது 6,600. இந்த 6,600க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,188. மொத்தம் 7,788.

சர்வீஸ் சார்ஜ் இல்லாமல் இருந்தால் 6,000க்கு 18 சதவீதம் 1,080. மொத்தம் 7,080.

வித்தியாசம் 708 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் 600 என்றுதான் பில் சொல்கிறது. அதன் தலையில் வரியும் சேர்ந்து 708 ஆகிவிட்டது. விருப்பப்பட்டால் கொடுக்க வேண்டிய ஒன்றைக் கட்டாயமாக்கி, அதற்கு வரியும் கட்ட வைக்கிறார்கள். பிறகு கார்டைத் திருப்பித் தரும்போது அட்டைக்குள் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், டிப்ஸ் வைப்பதற்கு! மறுபடியும் கூச்சம். மறுபடியும் இருநூறு. பாட்டில் விலைக்குள் ஒருமுறை, சர்வீஸ் சார்ஜாக ஒருமுறை, டிப்ஸாக ஒருமுறை என்று ஒரே பரிமாறலுக்கு மூன்று தடவை காசு.

உணவகக்காரர்கள் பக்கத்து நியாயங்களையும் கேட்டுவிட வேண்டும். மூன்று சொல்கிறார்கள்.

ஒன்று: 'சர்வீஸ் சார்ஜ் ஊழியர்களுக்குப் போகிறது. டிப்ஸ் என்றால் பரிமாறுகிறவருக்கு மட்டும். இதுவென்றால் பாத்திரம் தேய்ப்பவர் வரைக்கும் எல்லோருக்கும் பங்கு.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சில இடங்களில் நிஜமாகவே பகிர்ந்தும் கொடுக்கலாம். ஆனால் பில்லில் பணம் வாங்குகிறவர் பெயர் உணவகத்தின் பெயர், ஊழியரின் பெயர் இல்லை. எவ்வளவு போனது, யாருக்குப் போனது என்று கட்டினவருக்குத் தெரிய வழியே இல்லை. அதைவிட முக்கியம், பாத்திரம் தேய்ப்பவரின் சம்பளம் என்பது முதலாளியின் செலவு. அரிசி, எண்ணெய், கரண்ட் பில், வாடகை மாதிரிதான். மின்சாரக் கட்டணத்துக்குத் தனியாக 4 சதவீதம், வாடகைக்குத் தனியாக 6 சதவீதம் என்று யாராவது பில்லில் போடுகிறார்களா? எல்லாச் செலவும் விலைக்குள் அடங்கும்போது தொழிலாளியின் கூலி மட்டும் ஏன் வாடிக்கையாளரின் தயவாக மாற வேண்டும்? இதில் அவமானப்படுவது தொழிலாளிதான். அவருடைய கூலியை மேஜை மேஜையாக வசூல் செய்கிறார்கள்.

இந்தப் பாதையில் கடைசி வரை போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய மத்தியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991லிருந்து அது ஏறவே இல்லை. மீதியை மேஜையில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் பெருந்தன்மை முதலாளியின் பொறுப்பை மெதுவாகத் தின்றுவிட்டது.

நேரெதிர் உதாரணம் பிரான்ஸ். ஆடம்பர உணவகத்துக்குத் தாய்வீடே அதுதான். அங்கே மெனுவில் போட்டிருக்கும் விலையிலேயே வரியும் சேவையும் அடங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் ஒரு கூஜாவில் இலவசமாகக் கேட்கலாம், கொடுத்தாக வேண்டும். யாரும் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள். பிரெஞ்சுக்காரன் குடிக்கும் இலவசத் தண்ணீரை, பிரெஞ்சுப் பெயர் வைத்த மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு கொடைக்கானலில் கேட்க ஒருவர் ஏன் நடுங்க வேண்டும்?

இங்கே ஒரு நியாயமான சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் டேனி மேயர் என்ற பிரபல உணவக அதிபர் 2015ல் தன் உணவகங்களில் டிப்ஸ் முறையை நிறுத்தி, எல்லாவற்றையும் மெனு விலைக்குள் கொண்டுவரும் திட்டத்தை ஆரம்பித்தார். நல்ல மனசோடு செய்த முயற்சிதான். 2020ல் கைவிட்டுவிட்டார். ஒருவர் மட்டும் விலையை முழுசாக எழுதினால் பக்கத்துக் கடை மலிவாகத் தெரியும். நேர்மையாக எழுதினவர் தலையில் நஷ்டம் விழும். ஆக இது ஒரு முதலாளியின் நல்ல மனசை நம்பி நடக்கிற காரியம் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும். அந்த விதி இந்தியாவில் ஏட்டில் வந்துவிட்டது. மேஜைக்கு வரவேண்டியதுதான் பாக்கி.

இரண்டாவது நியாயம்: 'வாசலில் போர்டு வைத்திருக்கிறோம், மெனுவின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். படித்துவிட்டுத்தானே ஆர்டர் செய்தார்கள்? அது ஒப்பந்தம்.' மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்தின் வரலாற்றையும் நாலு வரியில் கொட்டை எழுத்தில் எழுதுகிறவர்கள், இதை மட்டும் கடைசிப் பக்க ஓரத்தில் எறும்பு சைஸில் எழுதுவார்கள். பூதக்கண்ணாடியையும் கத்தி, முள்கரண்டியோடு சேர்த்து வைத்தால் இந்த வாதத்தை ஏற்றுக்கொள்ளலாம். தவிர, ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் முடியாது என்று சொல்லும் வசதி இருக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மலைமேல், தூங்கி விழும் குழந்தையோடு நிற்பவருக்கு எந்த வசதி இருக்கிறது?

மூன்றாவது நியாயம், உணவகக்காரர்கள் சொல்வதைவிடப் பக்கத்து மேஜைக்காரர்கள் அதிகம் சொல்வது: 'ஏழாயிரம் செலவழிக்க வந்தவருக்கு எழுநூறு ஒரு விஷயமா? கட்ட முடியாதவர் ஏன் இங்கே வரணும்?'

இதுதான் இருப்பதிலேயே மோசமான வாதம். இதில் இரண்டு அசிங்கங்கள் இருக்கின்றன. கணக்குக் கேட்பவன் ஏழை, ஏழை என்றால் கேவலம் என்பது முதல் அசிங்கம். அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் ஒருவேளை கல்யாண நாளுக்காக ஒரு வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்து வந்தவராக இருக்கலாம். அவருடைய ஏழாயிரம் மற்றவரின் ஏழாயிரத்தைவிட மட்டமானது இல்லை. இரண்டாவது, உண்மையான பணக்காரர்கள் பில்லைப் பார்க்க மாட்டார்கள் என்ற மூடநம்பிக்கை. எந்த நிறுவனத்திலும் ஆயிரம் கோடி வியாபாரம் செய்தாலும் ஒவ்வொரு வவுச்சரும் சரிபார்க்கப்படுகிறது. ஆடிட்டர் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைத்தான் செய்கிறார். அவரை யாரும் கஞ்சன் என்று சொல்வதில்லை. கம்பெனிப் பணத்துக்கு உள்ள மரியாதை குடும்பப் பணத்துக்கு மட்டும் கிடையாதா?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஐந்நூறு ரூபாய் சம்பாதிக்க நாள் முழுக்க வெயிலில் நிற்கும் இளநீர்க்காரரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசத் தைரியம் இருக்கிறது. கோட்டுப் போட்டவர் நீட்டும் அட்டையைத் திறக்கத் தைரியம் இல்லை. பலவீனமானவரிடம் வீரம், பலமானவரிடம் பவ்யம். இதை ஊர் 'டீசன்ட்' என்று கூப்பிடுகிறது. உண்மையில் நியாயமாகப் பேரம் பேசவேண்டிய இடமும், பேசாமல் கொடுத்துவிட்டு வரவேண்டிய இடமும் தலைகீழாக மாறிப்போயிருக்கின்றன.

பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா எங்கே குரலை உயர்த்துகிறார், எங்கே குரலை இறக்குகிறார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த டூரில் பார்த்த அருவியும் பூங்காவும் மறந்துபோகலாம். இந்தப் பாடம் மறக்காது.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய போராட்டம் இல்லை. உட்கார்ந்ததும், ஆர்டர் சொல்வதற்கு முன்னால், "சர்வீஸ் சார்ஜ் போடுவீங்களா?" என்று ஒரு கேள்வி. தண்ணீர் என்றால் "சாதா தண்ணி போதும்." பில் வந்ததும் அட்டையை முழுசாகத் திறந்து, அவசரமே இல்லாமல், மேலிருந்து கீழே ஒருமுறை. சர்வீஸ் சார்ஜ் இருந்தால், "இதை எடுத்துட்டு வேற பில் குடுங்க" என்று சிரித்த முகத்தோடு ஒரு வாக்கியம். சத்தம் போட வேண்டாம். பரிமாறியவர் மேல் பாய வேண்டவே வேண்டாம், பில் சாப்ட்வேரை அவர் எழுதவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லலாம். மறுத்தால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண் அது. உணவகத்துக்குள் உட்கார்ந்துகொண்டே கூப்பிடலாம். கட்டிவிட்டு வந்திருந்தாலும் பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் ஊருக்கு வந்த பிறகும் புகார் கொடுக்கலாம். டூர் வந்தவன் திரும்பி வரமாட்டான் என்ற தைரியத்துக்கு அதுதான் சரியான பதில்.

அப்புறம் அந்தப் பரிமாறினவர். மூன்று மணி நேரம் நின்றுகொண்டே, குழந்தை கொட்டின ஜூஸைத் துடைத்து, காரம் குறைவாக வேறு தட்டு கொண்டு வந்து கொடுத்தவர். அவருக்கு மனசு நிறைந்தால் நூறோ இருநூறோ, பில்லில் இல்லாமல், அட்டைக்குள் ஒளிக்காமல், அவர் கையிலேயே கொடுத்து "நல்லா கவனிச்சீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வரலாம்.